பேரூராட்சி போனால் ஊரும் போய்விடுமா? சைகோன் பக்கத்துச் சோலோனின் கதை

2 ஆகஸ்ட் 2025, மாலை. கண்டனூர் வாசகர் ஒருவரின் கேள்வி

கண்டனூரும் கோட்டையூரும் காரைக்குடி மாநகராட்சிக்குள் போய் ஓராண்டு ஆகப் போகிறது. முன்பு பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்து போய்க் குழாய் உடைந்ததைச் சொன்னால், எந்தத் தெரு, யார் வீட்டு வாசல் என்று கேட்பவருக்கே தெரிந்திருக்கும். என் கணிப்பு இதுதான்: இன்னும் ஒரு தலைமுறையில் நம் ஊர்கள் காரைக்குடியின் தெருப் பெயர்களாகிவிடும். பெரிய நகரத்துக்குள் கரைந்த பிறகும் தன் முகத்தோடு நின்ற ஊர் எங்காவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், இல்லை என்றால் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளுங்கள்.

2 ஆகஸ்ட் 2025, இரவு

உண்டு. சைகோனை ஒட்டிய சோலோன். இன்று ஹோ சி மின் நகரத்துக்குள் ஒரு பகுதி. ஒரு காலத்தில் தனி நகராட்சி, தனி மேயர், தனி வரவு செலவு. அரிசி வியாபாரத்தில் இருந்த காலத்தில் அங்கே போய் வந்திருக்கிறேன். அதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு அந்த ஊரோடு தொடர்பு உண்டு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். 1778இல் பியன் ஹோவா பக்கம் இருந்த சீன வணிகர்கள், அரசை எதிர்த்துக் கிளம்பிய டே சான் கிளர்ச்சிப் படையினர் அவர்களுடைய ஊரை அழித்த பிறகு இங்கே வந்து குடியேறினார்கள். 1782இல் அதே படை இங்கேயும் வந்து பெரிய படுகொலையை நடத்தியது. மிஞ்சியவர்கள் ஓடிவிடாமல் கால்வாய்க் கரையை உயர்த்தி மறுபடியும் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1879இல் தனி நகராட்சியாக்கினார்கள். மேயர் பிரெஞ்சுக்காரர், சபையில் பிரெஞ்சு, வியட்நாமிய, சீன உறுப்பினர்கள் மூன்று தரப்பும் இருந்தார்கள். 1931 ஏப்ரலில் சைகோனோடு இணைத்து சைகோன்-சோலோன் என்று ஒரே நகரமாக்கினார்கள். 1956இல் அந்த இரட்டைப் பெயரில் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் ஐந்தாம் மாவட்டம், ஆறாம் மாவட்டம் என்று வெறும் எண்கள்தான்.

ஆனால் யாரும் எண்ணைச் சொல்லிப் பழகவில்லை. பேருந்தின் நெற்றியில் சோலோன் என்றுதான் எழுதியிருந்தது, கடைக்காரர் சோலோன் சரக்கு என்றுதான் சொன்னார். போன மாதம், 2025 ஜூலை 1ஆம் தேதி, வியட்நாமில் மாவட்டம் என்கிற அடுக்கையே நாடு முழுவதும் எடுத்துவிட்டார்கள். பழைய ஐந்தாம் மாவட்டத்தின் சில வார்டுகளைச் சேர்த்து ஒரு புதிய வார்டு அமைத்து, அதற்குச் சோலோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுபது ஆண்டுக்குப் பக்கமாக நகரத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயர் திரும்பி வந்திருக்கிறது. உங்கள் கணிப்புக்கு என் முதல் பதில் இது.

3 ஆகஸ்ட் 2025

எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சைகோன் மையத்திலிருந்து மேற்கே, தென்மேற்கே சாய்ந்து ஐந்தாறு கிலோமீட்டர். இன்று இடைவெளியே தெரியாது, கட்டடம் விடாமல் ஓடுகிறது. அன்று நடுவில் வயலும் சதுப்பும் இருந்தன. 1881இல் அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு நீராவி டிராம் ஓட விட்டார்கள். சைகோனிலிருந்து மீதோவுக்கு ரயில் 1885இல்தான் வந்தது. எங்கே முதலில் தண்டவாளம் போட்டார்கள் என்று பார்த்தாலே அந்தக் காலத்துப் பணம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

5 ஆகஸ்ட் 2025

இப்போது எங்கள் வீட்டுக் கதை. என் பாட்டையா (தாத்தா) கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர் சைகோன். பர்மாவுக்குப் போனவர்கள்தான் அதிகம், சைகோன் கணக்கு உள்ள வீடுகள் குறைவு, அதனால் நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச்சே குறைவு. இன்னொரு முதலாளியின் வட்டிக் கடையில் மேலாளாக, அதாவது பொறுப்பாளராக, இருந்தார். நம்மவர்கள், அதாவது நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடை வைத்திருந்தது சோலோனில் இல்லை, சைகோனில் ஓயே தெருவில். இப்போது அதற்கு டோன் தாட் தியெப் தெரு என்று பெயர். அங்கே தண்டாயுதபாணி கோவில் இன்றும் நிற்கிறது. கோவில் இருக்கிற தெருவில்தான் பெட்டியடி (பெட்டி வைத்து உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கும் இடம்), அல்லது பெட்டியடி இருக்கிற தெருவில்தான் கோவில். ரங்கூன் மொகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, எங்கேயும் இதே ஏற்பாடு.

ஆனால் பாட்டையா ஊருக்கு எழுதிய கடிதங்களில் சோலோன் நெல் விலை வராத கடிதம் அபூர்வம். காரணம் இருக்கிறது. மேகோங் கழிமுகத்து நெல் எல்லாம் படகில் தாவ் ஹு கால்வாய் வழியாகச் சோலோனுக்கு வரும். ஆலைகள் அங்கேதான், பெரும்பாலும் சீன முதலாளிகளுடையவை. உமியையே எரித்து நீராவி எடுத்து, அந்த நீராவியிலேயே அடுத்த நெல்லை அரைப்பார்கள். அரிசி மூட்டையாகி மறுபடி படகேறி சைகோன் துறைமுகம் போய், அங்கிருந்து ஹாங்காங், பிரான்ஸ் என்று போகும். நம்மவர்கள் நெல்லைத் தொடவில்லை. நிலக்காரருக்கு நிலத்தின் பேரில் கடன் கொடுத்தார்கள். நிலக்காரர் குத்தகைக்காரருக்குக் கொடுத்தார். நெல்லைச் சீன வியாபாரி வாங்கினார். ஆக, சோலோனில் விலை இறங்கினால் ஓயே தெருவில் வட்டி நிற்கும், இங்கே கோட்டையூரில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடக்க இருந்த கல்யாணம் தள்ளிப் போகும்.

1930இல் அந்த நாட்டுப் பியாஸ்தர் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டினார்கள், அதே சமயம் உலகம் முழுக்க அரிசி விலை சரிந்தது. கடன் அப்படியே நிற்க, நெல்லின் மதிப்பு மட்டும் கரைந்தது. நகராட்சியைச் சைகோனோடு இணைத்த 1931 இந்த நெருக்கடியின் நடுவில் வருகிறது. பாட்டையாவின் கடைசி ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) பணத்தைவிட நிலம்தான் அதிகம். நிலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

6 ஆகஸ்ட் 2025

தேவகோட்டை ஆச்சி ஒருவர் கேட்டது: "சீன ஊர் என்கிறீர்களே, அப்போது பேச்சு ஒரே மொழிதானே, பன்மொழி ஊர் என்று ஏன் சொல்கிறீர்கள்?"

அப்படி இல்லை, ஆச்சி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் சீனர் என்று ஒரே கூட்டம். உள்ளே கன்டோனியர், தியோசூ, ஹொக்கியன், ஹக்கா, ஹைனானியர் என்று ஐந்து கூட்டம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கடைத்தெருவில் பொதுவாகக் கன்டோனியப் பேச்சு ஓடியது, ஆறாம் மாவட்டப் பக்கம் போனால் தியோசூ காதில் விழும். இதன் மேல் வியட்நாமிய மொழி, அலுவலகத்தில் பிரெஞ்சு, அப்புறம் ஓரத்தில் நம் தமிழ். பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அந்த நாட்டில் குமாஸ்தா, போலீஸ், வரி வசூல் என்று உத்தியோகத்தில் இருந்தார்கள். 1881 ஆணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர். தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. அதே ஊரில் செட்டியாருக்கு ஓட்டு கிடையாது, பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை. ஒரே மொழி பேசுகிறவர்கள் இரண்டு கொடியின் கீழ் இருந்திருக்கிறார்கள்.

நுயென் டிராய் தெருவில் ஒரு பள்ளிவாசல் உண்டு. 1935இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. சுற்றிலும் சீனக் கோவில்கள், நடுவில் அது. இப்போது அங்கே தொழுகிறவர்கள் பெரும்பாலும் வேறு நாட்டவர்கள். நான் வாசலில் நின்று தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். உள்ளே இருந்த பெரியவர் மலாய் கலந்து பேசினார், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அந்தத் தெருவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

10 ஆகஸ்ட் 2025

கேள்விக்கு வருகிறேன். நகராட்சி போன பிறகும் சோலோன் எப்படி நின்றது? எனக்குத் தோன்றுவது: அந்த ஐந்து கூட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு மன்றம் இருந்தது. மன்றம் என்றால் கோவிலும் அதுவே, புதிதாக வந்தவன் தங்கும் இடமும் அதுவே, வழக்குத் தீர்க்கும் திண்ணையும் அதுவே, பள்ளிக்கூடமும் அதன் பணத்தில்தான். கன்டோனியருக்குத் தியென் ஹாவ் கோவில், கடலில் காக்கிற அம்மன், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியது. அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் தியோசூக்காரர்களின் நியா ஆன் மன்றம், அங்கே குவான் கோங் சாமி. ஹொக்கியன்காரர்களுக்கு ஓன் லாங் மன்றம். எல்லாம் நடந்து போய்ப் பார்க்கிற தூரம்.

நமக்கு இது புதிதே இல்லை. ரங்கூனில் நடப்பு வட்டி எவ்வளவு என்று நகரத்தார் மாதாமாதம் கூடி முடிவு செய்தது கோவிலில். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோவில் 1859இல் வந்தது, அந்த ஊரில் நம்மவர்களுடைய பொதுக் காரியம் எல்லாம் அதைச் சுற்றித்தான். மகமை (வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கும் பங்கு) எடுத்து வைத்து, அதற்குக் கணக்குக் காட்டி, கேள்வி கேட்க வருஷத்துக்கு ஒரு நாள் வைத்து நடத்தினோம்.

ஊர் நிற்பதற்கு ஒரு பொதுப் பணம் வேண்டும், அந்தப் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க எல்லாரும் கூடுகிற ஒரு இடம் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அலுவலகப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் நிற்கும். சோலோனில் 1931க்குப் பிறகும் இரண்டும் இருந்தன.

10 ஆகஸ்ட் 2025, இரவு

மேலே எழுதியதோடு ஒரு சின்னச் சேர்ப்பு. நியா ஆன் மன்றத்தில் அவர்கள் புத்தாண்டின் முதல் பௌர்ணமியன்று ஒரு வழக்கம் உண்டு. சாமியிடமிருந்து ஆரஞ்சுப் பழமும் சிவப்பு உறையும் கடனாக வாங்கிக்கொண்டு போவார்கள், அடுத்த ஆண்டு அதே நாளில் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் விளக்குகளை ஏலம் விட்டு, வந்த பணத்தைப் பள்ளிக்கும் தர்மத்துக்கும் கொடுப்பார்கள். பிள்ளையார் நோன்பில் உப்பை ஏலம் எடுக்கிற ஆட்கள் நாம், இதைப் புரிந்துகொள்ள விளக்கமே வேண்டியதில்லை. என் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டது, "கூட்டித் தருகிறதென்றால் எவ்வளவு வட்டி?"

14 ஆகஸ்ட் 2025

சோலோனின் பின் டே சந்தை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 1928க்கும் 1930க்கும் இடையில் கட்டியது. இடமும் கொடுத்துக் கட்டடத்துக்கும் வழிசெய்தவர் குவாக் டாம், தியோசூக்காரர், 1863இல் பிறந்தவர். சீனாவிலிருந்து ஒன்றும் இல்லாமல் வந்து, பழைய பாட்டிலும் தோலும் பொறுக்கி விற்று, பிறகு அரிசியில் பெரிய ஆளானவர். சந்தை முடிவதற்குள் 1927இல் இறந்துவிட்டார். உள்முற்றத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 1975க்குப் பிறகு அது அங்கிருந்து எடுக்கப்பட்டு, இப்போது நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்தச் சந்தையின் அமைப்பு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி இரண்டு அடுக்கு. வெயிலும் மழையும் உள்ளே வரும், கடையில் படாது. முற்றத்தைச் சுற்றி வாழ்க்கை நடக்கிற நம் வளவு வீட்டில் வளர்ந்தவனுக்கு, அவ்வளவு கூட்டத்திலும் அங்கே மூச்சு விட முடிந்தது. 2016 முதல் 2018 வரை மூடிப் பழுது பார்த்தார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்டவில்லை. இதை நம் ஊர்ச் சந்தைப் பேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

15 ஆகஸ்ட் 2025

சாப்பாடு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். ஹு தியெவ் என்று அரிசி நூடுல்ஸ் சூப், காலையில் அதுதான். தேங்காய்ப்பால் விட்டு வள்ளிக்கிழங்கு போட்ட கோழிக் கறி உண்டு, அதைப் பிரெஞ்சு ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய பேச்சில் அதற்குப் பெயர் கா ரி. நம்மவர்கள் வழியாகப் போனது. மிளகு போதாது, கல்பாசி கிடையாது, இனிப்பு தூக்கலாக இருக்கும். ஆனாலும் நான் இரண்டாம் தடவை வாங்கினேன். ஹாய் தூவாங் லான் ஓங் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நடந்து போனாலே பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கும்.

21 ஆகஸ்ட் 2025

நல்லதை மட்டும் எழுதிக்கொண்டே போனால் நியாயம் ஆகாது.

1955இல் சோலோன் தெருக்களில் பின் சுயென் என்ற ஆயுதக் கும்பலின் படைக்கும், தென் வியட்நாமை ஆண்ட டியெமின் அரசுப் படைக்கும் சண்டை நடந்து வீடுகள் எரிந்தன. அந்தக் கும்பலின் பெரிய சூதாட்ட மாளிகை சோலோனில்தான் இருந்தது. 1956இல் டியெம் அரசு இரண்டு ஆணைகள் போட்டது. அங்கே பிறந்த சீனர்கள் வியட்நாமியக் குடியுரிமைக்குள் வந்தாக வேண்டும் என்பது ஒன்று. வெளிநாட்டவர் பதினொரு தொழில்களைச் செய்யக் கூடாது என்பது இன்னொன்று: மளிகை, துணி, மீன் என்று அன்றாடச் சில்லறைத் தொழில் எல்லாம் அதில் வந்தன. துணிக்கடை வைத்திருந்த தமிழர்கள் பலர் அத்தோடு கிளம்பினார்கள். சீனப் பள்ளிகளில் வியட்நாமிய மொழி கட்டாயமானது. பெயரிலிருந்து சோலோன் நீங்கியதும் இதே ஆண்டில்தான்.

1963 நவம்பரில் அந்த டியெமே தன் தம்பியோடு தப்பி ஓடி வந்து ஒளிந்தது சோலோனின் சா டாம் மாதா கோவிலில். அங்கே பிடிபட்டு, கொண்டு போகும் வழியில் இருவரும் கொல்லப்பட்டார்கள். 1968இல் டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய தாக்குதலில் மறுபடியும் தெருத்தெருவாகச் சண்டை.

எல்லாவற்றிலும் பெரிய அடி 1978 மார்ச். தனியார் வணிகம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. கடை கடையாகப் புகுந்து சரக்கைக் கணக்கெடுத்தார்கள். அப்புறம் படகேறிப் போனவர்களில் சோலோன் குடும்பங்கள் ஏராளம், கடலிலேயே போனவர்களும் ஏராளம். நுயென் டிராய் தெருவில் தேநீர்க் கடையில் ஒரு பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், தன் வீட்டில் போனவர் யார் இருந்தவர் யார் என்று விரல் விட்டுச் சொன்னார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்தவன், எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே 10ஆம் தேதி நான் எழுதியதை இப்படிச் சேர்த்துப் படியுங்கள்: மன்றம் ஊரைக் காத்தது உண்மை. அரசே எதிரில் வந்து நின்றபோது ஆட்களை அதனால் காக்க முடியவில்லை. கட்டடம் நின்றது, விளக்கு எரிந்தது, பாதிக் குடும்பம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும்.

24 ஆகஸ்ட் 2025. கோட்டையூர்த் தம்பி ஒருவர் எழுதியது

"அண்ணே, மன்றம், மகமை, சத்திரம் எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. அந்தச் சோலோனில் மூட்டை தூக்கின வியட்நாமியக் கூலிக்கு எந்த மன்றம்? நம் ஊரிலும் நகரத்தார் கோவில் பணத்தில் எங்கள் தெருவுக்கு என்ன வந்தது? எங்களுக்கு இருந்த ஒரே பொது இடம் பேரூராட்சி. உறுப்பினர் எங்கள் ஆள், அவர் கையைப் பிடித்துக் கேட்கலாம். அது போனால் எங்களுக்கு ஒன்றுமே மிச்சமில்லை."

26 ஆகஸ்ட் 2025

தம்பி எழுதியதை இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். இந்த இழையில் வந்ததிலேயே முக்கியமான பேச்சு இது.

சோலோனில் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று மருத்துவமனை கட்டியது. கன்டோனியர் கட்டியது இப்போது நுயென் டிரி பூவாங் மருத்துவமனை, ஹொக்கியன்காரர்கள் கட்டியது நுயென் டிராய் மருத்துவமனை, தியோசூக்காரர்களுடையது ஆன் பின் மருத்துவமனை. மூன்றும் இன்று எல்லாருக்கும் பொது. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒரு கூட்டத்துக்கென்று இல்லாமல் வந்த ஒன்று உண்டு. 1900இல் சோலோன் நகராட்சி மருத்துவமனை என்ற பெயரில் ஆரம்பித்தது, பல பெயர் மாறி 1957இல் சோ ரே மருத்துவமனை ஆனது. 1970களில் ஜப்பான் உதவியோடு பதினொரு மாடியாகக் கட்டினார்கள். இன்று தென் வியட்நாம் முழுவதற்கும் கடைசி நம்பிக்கை அதுதான், வெளி மாகாணத்திலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வாசலில் பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நகராட்சி 1931இல் இல்லாமல் போனது. அது ஆரம்பித்து வைத்த மருத்துவமனை மட்டும் நூறு ஆண்டு தாண்டி எல்லாருக்குமாக நிற்கிறது.

நம் பக்கமும் அப்படி ஒன்றைச் சொல்லலாம். அழகப்பர் பிறந்தது கோட்டையூரில். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலமும் பணமும் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் படித்து இந்த வட்டாரத்தில் எல்லாச் சமூகத்திலும் முதல் பட்டதாரிகள் வந்தார்கள். கதவைத் திறந்து வைத்த பணம் என்றால் அதுதான். எல்லாப் பணமும் அப்படித் திறந்து வைக்கப்படவில்லை, தம்பி சொல்வது சரி.

ஆகையால் கூடுகிற இடம் வேண்டும் என்று நான் சொன்னேனே, அது யாருக்கும் கதவு சாத்தாத இடமாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறேன். பேரூராட்சி அந்த மாதிரி இடம். அது போவது நகரத்தார் வீட்டுக்கு ஒரு வசதிக் குறைவு. தம்பி தெருவுக்கு அது வாயை மூடுவது.

2 செப்டம்பர் 2025

அப்படியானால் என்ன செய்யலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இணைத்ததைப் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. 2024இல் காரைக்குடியோடு புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை எல்லாம் மாநகராட்சியாயின. அந்த ஓட்டம் திரும்பாது. 1928இல் நகராட்சியான காரைக்குடியே இவ்வளவு வளர்ந்த பிறகு பக்கத்து ஊர்களை விட்டு வைக்காது.

ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. வார்டு குழு, பகுதி சபா என்று தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வந்துவிட்டன. கிராம சபை மாதிரி நகரத்திலும் ஆட்கள் கூடி, தெரு விளக்கு, குடிநீர், குப்பை, எதற்கு முதலில் பணம் என்று சொல்லலாம். மாமன்ற உறுப்பினர்தான் தலைமை. கோட்டையூருக்கும் கண்டனூருக்கும் உரிய வார்டுகளில் அது ஒழுங்காகக் கூட வேண்டும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் உட்கார வேண்டும், நகரத்தார் சத்திரத்திலேயே கூடினால்கூட நல்லது, கட்டடம் சும்மாத்தானே கிடக்கிறது. சத்திரத்துக் கதவு எல்லாருக்கும் திறக்கிற முதல் நாளாக அது இருக்கட்டும். எங்கள் தெருப் பெரியவர்களிடம் பேசிவிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறேன் என்றார்.

7 அக்டோபர் 2025

நேற்று அங்கே நடு இலையுதிர்ப் பௌர்ணமி. லூவாங் நூ ஹோக் தெரு முழுக்க விளக்குக் கடைகள், தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய படத்தில் கால் வைக்க இடமில்லை. விற்கிறவர்களில் இளம் பிள்ளைகள் வியட்நாமிய மொழியில்தான் விலை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். இது எனக்கு உள்ளூரக் கவலைதான். சீன மொழியில் நாளிதழ் இன்னும் வருகிறது, வானொலியில் கன்டோனிய நிகழ்ச்சி உண்டு. ஆனால் ஹக்காவும் ஹைனான் பேச்சும் வீட்டுக்குள்ளேயே சுருங்கிவிட்டன. பெயர் திரும்பி வந்ததை இந்த இழையின் முதல் குறிப்பில் சந்தோஷமாக எழுதினேன், அந்தச் சந்தோஷம் குறையவில்லை. ஆனால் ஒரு ஊரின் பெயரை ஒரு ஆணையில் திருப்பித் தரலாம். பேச்சை அப்படித் தர முடியாது, அதைப் பேசுகிற பாட்டி வீட்டில் இருக்கும்போதே பேரன் பேச வேண்டும். ஆயா, அப்பச்சி, பாட்டையா என்று நாம் கூப்பிடுகிற முறைகளே சென்னைக்குப் போன வீடுகளில் தாத்தா, டாடி என்று ஆகிவிட்டன, அதையும் நினைத்துக்கொண்டேன்.

கால்வாய்க் கரையில் இருந்த பழைய அரிசிக் கிடங்குகளில் பல, வோ வான் கியெட் பெருஞ்சாலை போட்டபோது போய்விட்டன. நான் முதலில் போன சமயத்தில் சில நின்றன. பிறகு போனபோது அந்த இடத்தில் சாலை. வேகமாகப் போகலாம், உண்மைதான்.

11 நவம்பர் 2025

பேத்தியோடு சைகோன் போகிற தேவகோட்டை ஆச்சிக்கு: பென் தான் சந்தைப் பக்கம் 1ஆம் எண் பேருந்து ஏறுங்கள், கடைசி நிறுத்தம் சோலோன். டிரான் ஹுங் டாவ் சாலை வழியாகப் போகும். அந்தச் சாலையிலேயே ஹாவ் சி பூவாங் என்று ஒரு சந்து இருக்கிறது. இரண்டு அடுக்கு வரிசை வீடுகள், குடியிருக்கிற இடம், படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். தியென் ஹாவ் கோவிலுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள், கூரை மேல் பீங்கான் பொம்மைகளுக்கு அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழும், தலைக்கு மேல் சுருள் ஊதுபத்தி எரியும், சாம்பல் புடவையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் அதே தெருவில்தான். தண்டாயுதபாணி கோவில் சோலோனில் இல்லை, சைகோன் மையத்தில், திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாரியம்மன் கோவிலும் அங்கேதான், டிரூவாங் டின் தெருவில். அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

கண்டனூர் அன்பருக்கு: பகுதி சபாவுக்கு நம் வார்டில் மனு கொடுத்தாயிற்று. உங்கள் வார்டில் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதுங்கள்.